சூப்பர்சார்ஜர் காருக்கு ஃப்யூவல் பம்ப் மாற்றப் போகிறீர்களா? பயனுள்ள குறிப்புகள்

2003, 2004 மாடல் ஃபோர்டு மஸ்டாங் எஸ்.வி.டி. கோப்ராவை அமெரிக்காவில் 'டெர்மினேட்டர்' என்றுதான் செல்லமாக அழைக்கிறார்கள். 4.6 லிட்டர் வி8 எஞ்சின், அதன்மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், சுமார் 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட், 390 குதிரைத்திறன். இரும்பு பிளாக், ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் என்று அடித்தளம் கெட்டியாக இருப்பதால் வாங்கியவர்கள் யாரும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சூப்பர்சார்ஜரின் மேல் புல்லியைச் சிறிதாக்கினாலே பூஸ்ட் 14, 15 என்று ஏறிவிடும். காற்றைக் கூட்டுவது அவ்வளவு சுலபம். அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் பிஸ்டன் உருகும். கீழே உள்ளவை அந்த வண்டியை மனதில் வைத்து எழுதியவை. வேறு சூப்பர்சார்ஜர் வண்டி வைத்திருப்பவர்களும் எண்களை மாற்றிப் போட்டு இதே கணக்கைப் பயன்படுத்தலாம்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் உங்களுக்கு வேண்டிய குதிரைத்திறனை எழுதுங்கள். பக்கத்திலேயே அது கிராங்கிலா, வீலிலா என்றும் எழுதுங்கள். டைனோவில் (சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் கருவியில்) ஏற்றிப் பார்ப்பது வீல் கணக்கு. பம்ப் பெட்ரோல் ஊட்டுவதோ கிராங்குக்கு. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் வழியாகச் சுமார் 15 சதவீதம் போய்விடுகிறது என்று வைத்தால், வீலில் 500 வேண்டும் என்பவர் கிராங்கில் ஏறக்குறைய 590-க்கு பம்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் சறுக்கியவர்கள்தான் நல்ல பம்ப் வாங்கியும் போதவில்லை என்று புலம்புகிறார்கள்.

2. கணக்கு இதுதான். சூப்பர்சார்ஜர் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.65 பவுண்டு பெட்ரோல் கேட்கும். 600 குதிரைத்திறனுக்கு 390 பவுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 1.63 பவுண்டு எடை. ஆக, மணிக்கு 239 லிட்டர். இதன்மேல் 20 சதவீதம் கூட்டி 287 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 சதவீதம் ஆடம்பரம் அல்ல. பம்ப் பழசாகும், ஃபில்டர் அடைக்கும், வெயிலில் பெட்ரோல் சூடேறும். இவற்றுக்கெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

3. டர்போ வைத்திருக்கும் நண்பரின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்போ சுற்றுவது புகைபோக்கியில் போகும் வாயுவால். சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது கிராங்கில் மாட்டிய பெல்ட். பூஸ்ட் ஏற ஏற அந்த பெல்ட் பல பத்து குதிரைத்திறனைத் தின்னும். அது சக்கரத்துக்கு வருவதில்லை, டைனோ தாளிலும் தெரிவதில்லை. ஆனால் அதற்கான பெட்ரோலை எஞ்சின் எரித்தே ஆக வேண்டும். 0.65 என்ற எண் சாதாரண எஞ்சினைவிடப் பெரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், சிலிண்டருக்குள் நேரம் தவறிய வெடிப்பைத் (நாக்கிங்) தடுக்க பூஸ்டில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள்.

4. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் '255 லிட்டர்', '340 லிட்டர்' என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 13.5 வோல்ட் மின்சாரத்தில் அளந்த எண். கிணற்று மோட்டார் தரைத் தொட்டிக்குக் கொட்டுகிற வேகத்தில் மூன்றாம் மாடித் தொட்டிக்குக் கொட்டுமா? ஃப்யூவல் பம்ப்பும் அதே ஜாதி. அழுத்தம் ஏற ஏற அளவு குறையும். உங்கள் வண்டியில் அடிப்படை அழுத்தம் 40, பூஸ்ட் 15 என்றால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், 55 வேண்டும். ஃபில்டரிலும் குழாயிலும் இழப்பதற்கு 5 சேர்த்தால் பம்ப் தள்ள வேண்டியது 60. ஆகவே தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் 60-க்கு நேரே என்ன லிட்டர் என்று பாருங்கள். அந்த எண்ணைத்தான் 287-உடன் ஒப்பிட வேண்டும். வரைபடமே தராத பம்ப்பை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

5. 'பூஸ்ட் ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் ஏன் ஏற வேண்டும்?' என்று சிலர் கேட்பதுண்டு. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரெயில், மறுபக்கம் பூஸ்ட் நிறைந்த இன்டேக். ரெயிலில் 40-ஐ அப்படியே விட்டு, எதிரே 15 வந்து நின்றால் மிஞ்சுவது 25 மட்டுமே. அழுத்தத்தின் வர்க்கமூலத்தின்படிதான் ஓட்டம் மாறும் என்பதால், இன்ஜெக்டர் கொட்டுவது 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடும். அதுவும் எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். எனவே ரெகுலேட்டருக்கோ, கோப்ராவில் ரெயில் பிரஷர் சென்சாருக்கோ இன்டேக்கிலிருந்து போகும் சின்ன ரப்பர் டியூபைப் புறக்கணிக்காதீர்கள். அது விரிசல் விட்டால் எவ்வளவு பெரிய பம்ப் போட்டும் வீண். விலை சொற்பம். பம்ப் மாற்றும்போதே புதிதாக மாற்றிவிடுங்கள்.

6. மின்சாரத்தைக் கவனியுங்கள். ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருக்கலாம். வண்டியின் நீளம் முழுக்க ஓடி, பழைய கனெக்டர்களைத் தாண்டி, டேங்க்குக்குள் போய்ச் சேரும்போது 12-தான் மிஞ்சும். 12-இல் பம்ப் தருவது 13.5-இல் தருவதைவிடக் கணிசமாகக் குறைவு. பம்ப் வாங்கும் முன் பழைய பம்ப்பின் கனெக்டரிலேயே மல்டிமீட்டரை வைத்து, எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். பலருக்குப் பம்ப் பிரச்சினையே இல்லை, வயர் பிரச்சினைதான் என்பது அப்போது தெரியும். எர்த் பக்கத்தையும் அளக்க வேண்டும். அதை அளப்பவர்கள் குறைவு.

7. பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும். 450 லிட்டர் வகை ஒன்று, அழுத்தம் ஏறும்போது 15 ஆம்பியருக்கும் மேல் போகும். தொழிற்சாலை வயரில் அதை மாட்டினால் வயர் சூடாகும், வோல்ட் இறங்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ரிலே, சரியான ஃப்யூஸ், தனி எர்த் என்று தனி வழி போடுங்கள். அப்படிப் போடும்போது டிக்கியில் இருக்கும் இனர்ஷியா சுவிட்சைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மோதினால் பம்ப்பை நிறுத்துவது அதுதான். ரிலேயை இயக்கும் சிறு வயரை அதன் வழியாகவே எடுங்கள்.

8. பம்ப்பை மாற்றாமல் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் கென் பெல் நிறுவனம் 'பூஸ்ட்-எ-பம்ப்' என்ற பெயரில் விற்றுப் பிரபலப்படுத்தியது. பூஸ்ட் வரும்போது மட்டும் பம்ப்புக்கு 17 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து வேகமாகச் சுழலவைக்கும். டேங்க்கைக் கழற்ற வேண்டாம், ஒரு மதியத்தில் வேலை முடியும். புல்லி மட்டும் மாற்றி வாரக்கடைசியில் ஓட்டுபவருக்கு இது போதும் என்பது என் கட்சி. ஆனால் 20 வயது தாண்டிய தொழிற்சாலைப் பம்ப்பை இப்படி விரட்டக் கூடாது. புதுப் பம்ப்பும் இந்தப் பெட்டியும் என்றால் சரி.

9. உங்கள் வண்டி ரிட்டர்ன் உள்ளதா, இல்லாததா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கோப்ராவில் ரிட்டர்ன் கிடையாது. மிஞ்சிய பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்புவதில்லை. ரெயில் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் எஃப்.பி.டி.எம். என்ற பெட்டிக்கு ஆணையிடும். அது மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து இரண்டு பம்ப்புகளின் வேகத்தை மாற்றும். இதில் பெரிய பம்ப் போட்டால் ட்யூனிங்கும் மாற வேண்டும். இல்லையென்றால் ஐடிலில் அழுத்தம் மேலும் கீழும் ஆடும். ரிட்டர்ன் உள்ள வண்டியில் தொல்லை வேறு விதம். பம்ப் பெரிதாகி, திரும்பும் குழாய் சிறிதாகவே இருந்தால், ரெகுலேட்டர் முழுக்கத் திறந்தும் அழுத்தம் இறங்காது. ஐடிலில் பெட்ரோல் நாற்றமும் கறுத்த பிளக்கும் தெரிந்தால் அந்தக் குழாயைப் பாருங்கள்.

10. பழைய பம்ப் திணறுகிறதா என்று பணம் செலவழிக்காமலே கண்டுபிடிக்கலாம். டியூனரின் லேப்டாப்பில் முழு ஆக்சிலரேட்டர் ஓட்டத்தைப் பதிவு செய்து, ரெயில் அழுத்தத்தையும் பம்ப் டியூட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃபோர்டில் கம்ப்யூட்டர் அனுப்பும் டியூட்டியை எஃப்.பி.டி.எம். இரட்டிப்பாக்கும். அதனால் திரையில் 50 என்று தெரிந்தாலே பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். 'இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதே' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். டியூட்டி உச்சத்தில் நிற்க, அழுத்தம் கீழே இறங்கினால் காலை எடுத்துவிடுங்கள். பம்ப் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

11. இ85 ஊற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இந்த எரிபொருள் வெடிப்பை நன்றாகத் தாங்கும், இன்டேக்கைக் குளிர்விக்கும். அமெரிக்காவில் மக்காச்சோளம் விளையும் மாநிலங்களில் பங்கில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பெட்ரோலைவிட 30 முதல் 35 சதவீதம் அதிகம் வேண்டும். மேலே சொன்ன 287 லிட்டர் ஏறக்குறைய 390 ஆகிவிடும். எல்லா பம்ப்பும் எத்தனாலைத் தாங்காது. பெட்டியில் 'இ85-க்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது.

12. சந்தையில் கிடைப்பவை எவை? வால்ப்ரோ 255 பழைய ஆள். பல ஆண்டுகளாக எல்லோரும் போட்டது, விலையும் குறைவு. ஏ.இ.எம். 320, டாட்ச்வெர்க்ஸ் டி.டபிள்யூ.300, ஏரோமோட்டிவ் 340 ஆகியவை நடுத்தரம். வால்ப்ரோ 450 பெரியது. டாட்ஜ் ஹெல்காட் பெயரில் விற்கும் 525 லிட்டர் அதையும்விடப் பெரியது. கோப்ராக்காரர்களுக்குத் தனி வழி ஒன்றும் இருக்கிறது. 2005, 2006-இல் வந்த 550 குதிரைத்திறன் ஃபோர்டு ஜி.டி. காரின் பம்ப்புகள் இரண்டை வாங்கி, பழையவை இருந்த இடத்திலேயே உட்காரவைப்பது. ரிட்டர்ன் இல்லாத அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பெட்ரோலில் ஓட்டுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

13. அதற்காக எல்லோரும் பெரியதையே வாங்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் உள்ள வண்டியில் தேவைக்கு இரண்டு மடங்கு பம்ப் போட்டால் மிஞ்சிய பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து டேங்க்கைச் சூடாக்கும். கோடையில் டிராஃபிக்கில் நின்றால் ஆவி பிடித்து எஞ்சின் இடறும்.

14. போலிப் பம்ப் ஜாக்கிரதை. வால்ப்ரோ 255-க்கு அச்சு அசலாகப் போலி வந்து நிறைந்திருக்கிறது. பாதி விலை என்றால் பாதிச் சந்தேகம் அல்ல, முழுச் சந்தேகம் கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பட்டியலிட்டிருக்கும் டீலரிடம் மட்டும் வாங்குங்கள். உடலில் பொறித்த எண்ணைப் பெட்டியில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர் மட்டும் இருந்து பொறிப்பு இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

15. அதே வால்ப்ரோ 255-இல் சாதாரணம், ஹை பிரஷர் என்று இரண்டு வகை உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதில்தான் வேறுபாடு. சாதாரண வகை, அதிக பூஸ்டில் வால்வைத் திறந்து பெட்ரோலை டேங்க்குக்குள்ளேயே கொட்டிவிடும். சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ஹை பிரஷர் வகைதான்.

16. சத்தம். 255 போன்ற ஜீரோட்டர் வகை 'ஙொய்' என்று கத்தும். பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் வண்டி என்றால் டர்பைன் வகையை வாங்குங்கள். அது அமைதி.

17. ஒரு பெரிய பம்ப்பா, இரண்டு சிறியதா? இரண்டு வைத்து, இரண்டாவதைக் குறிப்பிட்ட பூஸ்டில் ஹாப்ஸ் சுவிட்ச் மூலம் இயக்குவது பழைய முறை. அன்றாட ஓட்டத்தில் ஒன்று மட்டும் ஓடுவதால் பெட்ரோல் சூடாகாது, சத்தமும் குறைவு. ஆனால் இரண்டாவது செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகும், கடைக்குப் போய்வரும். நெடுஞ்சாலையில் காலை அழுத்தும் அன்றுதான் தெரியும், அதற்குள் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும். இந்த முறையில் போவதாக இருந்தால், அழுத்தம் குறைந்தவுடன் இக்னிஷனைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பை ட்யூனிங்கில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஒற்றைப் பெரிய பம்ப்பே மேல். அது செத்தால் வண்டி நின்றுவிடும். நஷ்டம் இழுவை வண்டி வாடகையோடு போகும்.

18. பம்ப்புடன் இன்ஜெக்டரையும் கணக்குப் பாருங்கள். கோப்ராவில் வருவது மணிக்கு 39 பவுண்டு கொட்டும் இன்ஜெக்டர். எட்டையும் கூட்டினால் 312, அதில் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய 85 சதவீதம் 265. அதை 0.65-ஆல் வகுத்தால் 408 குதிரைத்திறன். 390-க்கு ஃபோர்டு எப்படி அளந்து வைத்திருக்கிறது பாருங்கள்! 600 வேண்டும் என்பவருக்கு 60 பவுண்டு இன்ஜெக்டராவது வேண்டும்.

19. டேங்க்குக்குள் போடும் ரப்பர் ஹோஸ் தனி. சாதாரண ஃப்யூவல் இன்ஜெக்ஷன் ஹோஸ் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். முழுக்க மூழ்கினால் வெளிப்பக்கம் உப்பிக் கரைந்து, சில மாதங்களில் வெடிக்கும். பம்ப்புக்குள் கறுப்புத் துகள் போகும். ஹோஸ் மேல் '30ஆர்10' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மூழ்கக்கூடியது. '30ஆர்9' வெளியே ஓடும் குழாய்க்கு. முழம் கணக்கில் விலை அதிகம்தான். ஒரு சாண் போதும்.

20. பம்ப்பின் அடியில் மாட்டும் சல்லடை உறை, ஃபில்டர், டேங்க் மூடியின் ஓ-ரிங் மூன்றையும் புதிதாக வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். கழற்றிய பிறகு திரும்பப் பள்ளத்தில் உட்காராது. ஞாயிற்றுக்கிழமை மாலை அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை தேட வேண்டாம்.

21. வேலை செய்யும் இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். அமெரிக்க வீடுகளில் கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பார்கள். அதன் பைலட் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் அதைத் தொடும். முதலில் டேங்க்கைக் கால் பங்குக்குக் கீழே காலியாக்குங்கள். இனர்ஷியா சுவிட்சின் இணைப்பை எடுத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்க்கின் பூட்டு வளையத்தைத் தட்ட பித்தளை அல்லது மரத் துண்டு மட்டுமே. இரும்புச் சுத்தியால் தட்டினால் பொறி பறக்கும். பெட்ரோல் தீக்கு ஏற்ற அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உடன் ஒருவர் இருப்பதும் நல்லது.

22. மாட்டி முடித்தவுடன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியையும் இனர்ஷியா சுவிட்சையும் மறுபடி இணைத்து, சாவியை 'ஆன்' வரை திருப்பி, சில நொடி விட்டு, 'ஆஃப்' செய்யுங்கள். இப்படி நாலைந்து தடவை. அதற்குப் பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட்.

23. புதுப் பம்ப் போட்ட வண்டியைப் பழைய ட்யூனிங்கிலேயே முழு பூஸ்டில் ஓட்டக் கூடாது. டைனோவில் வைட்பேண்ட் சென்சாருடன் மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். பெட்ரோலில் முழு பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. எஞ்சின் வேகம் ஏற ஏற அது 12.5, 13 என்று லீன் பக்கம் நகர்ந்தால், அங்கேதான் பெட்ரோல் தீர்கிறது.

24. டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது பந்தயம் வேண்டாம். வேகமாக வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். தவிர, பம்ப்பைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

25. மேலே சொன்ன அத்தனையும் இன்டேக்கில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினுக்கு. 2015-இல் வந்த ஷெவர்லே கார்வெட் இசட்06 போன்ற 650 குதிரைத்திறன் வண்டிகளில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அங்கே டேங்க் பம்ப் தவிர, கேம்ஷாஃப்ட்டால் ஓடும் இன்னொரு பம்ப் அழுத்தத்தை இரண்டாயிரம் பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்றுகிறது. முதலில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் அதுதான். அந்த வண்டிக்காரர்கள் டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஹை பிரஷர் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக்குவதுதான் அவர்களுக்கு வழக்கமான வழி.

26. கழற்றிய பழைய பம்ப்புகள் ஓடும் நிலையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெட்ரோலை வடித்து, நன்றாக ஆவி போகக் காயவைத்து, எந்த வண்டி, எத்தனை மைல் ஓடியது என்று எழுதி எடுத்து வையுங்கள். டெர்மினேட்டர் போன்ற வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது தொழிற்சாலைப் பாகங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான். இருந்தால் விலையும் கூடக் கிடைக்கும்.